‘ஸ்டிங்க்’ முதல் ‘ரான்சிட்’ வரை: கெட்ட மணத்துக்கான ஆங்கிலச் சொற்கள்

ஆங்கில அகராதியில் ‘ஸ்டிங்க்’ என்ற சொல்லைப் பார்த்தால் ‘நாறு, துர்நாற்றம் வீசு’ என்று ஒரே வரியில் பொருள் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை நம்பிக் கட்டுரை எழுதுகிற மாணவர், கல்முனைச் சந்தையின் மீன் வெடுக்கு, மாரியில் காயாத சேலை, காறிப்போன தேங்காயெண்ணெய், முகத்துவாரம் அடைபட்ட காலத்து வாவிச் சேறு எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுகிறார். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் வாசிக்கிற ஆங்கிலேயருக்கு என்ன மணம் என்று தெரியாது, எழுதியவருக்குக் கோபம் என்பது மட்டும் தெரியும். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், எதை எங்கே போடுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதியைத் தீர்ப்பது கொஞ்சம் இரசாயனம்.

முதலில் அது கெட்ட சொல்லே இல்லை

ஏறத்தாழ 1100ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பார்கள். அதில் ‘ஸ்டின்கன்’ என்ற வினை, மணம் எழுவதைக் குறித்தது. நல்ல மணமா கெட்ட மணமா என்பதை அது சொல்லாது. அதற்கு ‘இனிய’ என்றோ ‘கொடிய’ என்றோ வேறொரு சொல் கூட வரவேண்டும். பூவும் அந்நாளில் ‘ஸ்டின்கன்’ செய்தது, பிணமும் செய்தது. பழைய விடுகதைப் பாட்டொன்றில் புழுதி வானத்தை நோக்கி எழுவதற்கும் இதே வினை வருகிறது. எழுந்து பரவுவது என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள் இருந்திருக்கிறது.

இந்த வினையோடு ஒட்டிப் பிறந்த பெயர்ச்சொல்தான் இன்றைய ‘ஸ்டென்ச்’. அதுவும் அப்படியே: ‘இனிய ஸ்டென்ச்’ என்று வாசனைப் பொருட்களுக்கு எழுதியிருக்கிறார்கள். இன்று அப்படி எழுதினால் பகிடி என்றுதான் நினைப்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளுக்குப் பிறகு இரண்டு சொல்லும் கெட்ட பக்கம் சாய்ந்து, திரும்பவேயில்லை. ஜேர்மன் மொழியிலும் ஒல்லாந்து மொழியிலும் உறவுச்சொல் இருக்கிறது. இரண்டிலும் கெட்ட பொருள்தான். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், அகழியைச் சுற்றி மூக்கைப் பொத்தியிருந்தால் ‘ஸ்டிங்கன்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தமிழ் படித்தவருக்கு இதில் பெரிய வியப்பு இராது. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் பாடியது நறுமணத்தைப் பற்றி. ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறள் (1274) மொட்டுக்குள் அடங்கியிருக்கும் வாசத்தைச் சொல்கிறது. ‘துர்நாற்றம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்றம் என்பது முதலிலேயே கெட்டதாக இருந்திருந்தால் அதன் தலையில் ‘துர்’ ஒட்டவேண்டிய தேவை வந்திருக்காது.

இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்து இதைச் செய்யவில்லை. மணத்தைப் பற்றி மனிதர் பேசும் முறையே இப்படி. நல்ல மணம் என்றால் அதன் மூலத்தைச் சொல்லிவிடுகிறோம்: மல்லிகை வாசம், நெய் வாசம், மாம்பழ வாசம். கெட்டதென்றால் மூலம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வெறும் வினைதான் வாயில் வருகிறது. ‘என்னமோ மணக்குது’ என்று வீட்டில் ஒருவர் சொன்னால், கட்டிலுக்குக் கீழே எலி செத்துக் கிடக்கிறதா என்று பார்ப்போமே தவிர, பூச்சாடியைத் தேடமாட்டோம். நடுநிலையான வினை இப்படித் திரும்பத் திரும்பக் கெட்ட இடத்திலேயே வேலை செய்து, கடைசியில் கெட்டதாகவே ஆகிவிடுகிறது.

அடுத்த காரணம் மரியாதை. ‘ஸ்டிங்க்’ முரட்டுச் சொல்லானதும், அதைத் தவிர்க்க ‘ஸ்மெல்’ வந்து நின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் திடீரென்று எழுத்தில் தோன்றும் இந்தச் சொல்லுக்கு முன்னோர் யாரென்று மொழியறிஞர் இன்னும் நிறுவவில்லை. இன்று அதுவும் பாதி விழுந்துவிட்டது: ‘இட் ஸ்மெல்ஸ்’ என்று மொட்டையாகச் சொன்னால் நாறுகிறது என்றே பொருள். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல் ‘ஓடர்’. அது கனவான்களின் சொல். ஆனால் ‘பொடி ஓடர்’ என்று வியர்வை நாற்றத்துக்கு அதை இழுத்தார்கள். இப்போது அதுவும் சரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே நல்ல மணத்துக்குக் ‘ஃபிரேக்ரன்ஸ்’, ‘அரோமா’, ‘சென்ட்’ என்று மேலும் மேலும் புதுச் சொற்களைத் தேடவேண்டியிருக்கிறது. இவற்றில் ‘சென்ட்’ வேட்டைக்காரரின் சொல். மானின் தடத்தை நாய் முகர்ந்து உணர்வதைக் குறித்தது. உணர்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் எழுத்துக்கூட்டலில் ‘எஸ்’ஸுக்குப் பின்னால் உச்சரிப்பில்லாமல் நிற்கும் ‘சீ’, பதினேழாம் நூற்றாண்டில் காரணமே இல்லாமல் ஒட்டிக்கொண்ட எழுத்து. சொல்வதெழுதலில் அதை விட்டுவிடும் பிள்ளையைக் கடுமையாக ஏசவேண்டாம்.

புகையில் பிறந்தவை, அழுகலில் பிறந்தவை

மற்றச் சொற்களைப் பெருமளவுக்கு இரண்டு கும்பலாகப் பிரிக்கலாம்.

புகைக் கும்பலில் முதலாவது ‘ரீக்’. பழைய ஆங்கிலத்தில் இது வெறும் புகை. ஜேர்மன் மொழியில் புகைக்குச் சொல்லும் ‘ரௌக்’ இதன் உடன்பிறப்பு. அடுப்புப் புகை மண்டிய எடின்பரோ நகருக்கு ‘ஓல்ட் ரீக்கி’ என்ற பட்டப்பெயர் இன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டளவில் புகை என்ற பொருள் தேய்ந்து, உடலிலோ உடையிலோ ஏறிவிட்ட கனத்த நாற்றம் என்ற பொருள் நிலைத்தது. அதனால்தான் சாராயம், சிகரெட், வியர்வை ஆகியவற்றோடு ‘ரீக்’ நன்றாகப் பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால், ‘பெர்ஃபியூம்’ என்பதும் புகைதான். ‘புகையூடாக’ என்ற பொருளுள்ள இலத்தீன் தொடரிலிருந்து வந்தது; சாம்பிராணி போடுகிற மாதிரி நறும்பொருளை எரித்து மணமூட்டுவது அதன் முதல் பொருள். ஒரே புகையின் ஒரு பிள்ளை கடைக் கண்ணாடிக்குள், மற்றது வண்டி நடத்துனரின் சட்டையில்.

அழுகல் கும்பல் இதைவிடப் பழையது. ‘ஃபவுல்’, ‘ஃபில்த்’, ‘பியூட்ரிட்’, ‘பஸ்’ (சீழ்) எல்லாம் அழுகுவதைக் குறித்த ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. சமஸ்கிருதத்தில் நாற்றத்தைக் குறிக்கும் ‘பூதி’யும் அதே குடும்பம். பேர்லினில் மருத்துவர் லூட்விக் பிரீகர் 1885இல் அழுகிய இறைச்சியிலிருந்து இரண்டு சேர்மங்களைப் பிரித்து விவரித்தபோது ஒன்றுக்குப் ‘பியூட்ரசீன்’ என்றும் மற்றதுக்குக் ‘கடாவரீன்’ என்றும் பெயர் வைத்தார். முதலாவது அழுகலின் பெயர், இரண்டாவது பிணத்தின் பெயர். பரீட்சைக்கு ஒரு குறிப்பு: ‘பியூட்ரிட்’ இறைச்சி, பிணம், அழுகிய காய்கறி போன்றவற்றுக்கு. எண்ணெய்க்கு அது வராது.

‘ஃபெட்டிட்’ என்பதும் நாற்றத்தைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. போர்த்துக்கேய மொழியின் ‘ஃபெடோர்’ அதே வேர். இந்தச் சொல் நம் குசினியிலேயே இருக்கிறது. பெருங்காயத்தின் ஆங்கிலப் பெயரான ‘அசஃபெட்டிடா’வின் முன்பாதி, பிசினைக் குறிக்கும் பாரசீகச் சொல், பின்பாதி ‘நாறுகிற’. ஜேர்மானியர் அதைப் ‘பேயின் மலம்’ என்றே அழைத்தார்கள். இவ்வளவு வசவுக்கும் காரணம் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். சூடான எண்ணெயில் போட்டதும் அவை மாறி, உள்ளி வெங்காயம் வதங்குகிற மணத்துக்கு வந்துவிடுகின்றன. பச்சையாகத் தூவிவிட்டு இரசம் நாறுகிறது என்று சொல்வது பெருங்காயத்தின் பிழையல்ல.

எந்தக் கும்பலிலும் சேராமல் மாணவரை ஏமாற்றும் சொல் ஒன்று உண்டு: ‘நொய்சம்’. சத்தத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொந்தரவு தருவதைக் குறிக்கும் ‘அனோய்’ என்ற சொல்லின் தலை தேய்ந்து வால் கூடியது அது. அருவருப்பான நாற்றம் என்றே பொருள். இரைச்சலான சந்தியை விவரிக்க அதை எழுதிய விடைத்தாள்கள் ஏராளம். அதன் பக்கத்து வீட்டுக்காரர் ‘நொக்‌ஷியஸ்’, கேடு விளைவிப்பது. அதற்கு நாற்றம் இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. காபனோரொட்சைட்டு உயிரைக் கொல்லும், ஆனால் மணமே கிடையாது.

மூக்கு எதை அளக்கிறது

‘ஸ்டிங்க்’ இருபுறமும் போன சொல்லாக இருந்தது தற்செயல் அல்ல என்று நினைக்க இரசாயனம் இடம் தருகிறது. இன்டோல் என்ற சேர்மம் மலத்திலும் உண்டு, மல்லிகைப்பூவிலும் உண்டு. செறிவாக இருந்தால் மலக்கூடம். மிகச் சொற்பமாக மற்ற மணங்களோடு கலந்தால் மாலைநேரத்து மல்லிகை. மல்லிகையின் மணத்தைச் செயற்கையாகக் கட்டுகிறவர்கள் இன்டோலை முற்றாக விட்டுவிட்டால் பூவின் கனம் வராது. ஆகவே கெட்டது என்பது பல வேளை பொருளில் இல்லை, அளவில் இருக்கிறது.

சமையல் எரிவாயுவுக்குத் தனக்கென்று சொல்லும்படியான மணம் கிடையாது. சிலிண்டரைத் திறந்ததும் வரும் அழுகின கோவா மணம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட எதைல் மெர்கப்டானுடையது. ‘மெர்கப்டான்’ என்றால் பாதரசத்தைப் பிடிப்பது. பாதரசத்தோடு அது இறுக இணைவதால் வந்த பெயர். 1937 மார்ச் 18இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் ஊரில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து பள்ளிக்கூடம் வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். வாயுவுக்கு நாற்றம் ஏற்றுவது சட்டமானது அதற்குப் பிறகுதான். வீட்டில் அந்த மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடவேண்டும், கதவு யன்னலைத் திறக்கவேண்டும், சுவிச்சைப் போடவும் கூடாது நிறுத்தவும் கூடாது. நாம் பாவிக்கும் வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கும். நிமிர்ந்து நிற்பவருக்கு மணம் குறைவாகத் தெரிவதை வைத்துக் கசிவு குறைவு என்று முடிவு செய்யக்கூடாது.

ஐதரசன் சல்பைட்டு இதைவிட மோசம். அழுகின முட்டை மணம் என்று நாம் சொல்வது அதுதான். காற்றின் நூறு கோடிப் பங்கில் பத்துப் பங்கு இருந்தாலே பலருடைய மூக்குக்குத் தெரிந்துவிடும். பத்து இலட்சத்தில் நூறு பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய், மணம் நின்றுவிட்டதாகத் தோன்றும். எழுநூறைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். மலக்குழிக்குள் இறங்கியவர் விழுந்ததும், தூக்கப் போனவரும் கூடவே விழுவதற்குக் காரணம் இது. ‘இப்ப நாத்தம் இல்லை, இறங்கலாம்’ என்பதுதான் அங்கே மிக ஆபத்தான வாக்கியம். குழியைத் திறந்து வைத்தால் போதும் என்ற நினைப்பும் பிழை. அந்த வாயுவும் காற்றைவிடப் பாரமானது, அடியிலேயே கிடக்கும். மூச்சுக் கருவியும் மேலே கயிறு பிடிக்க ஆளும் இல்லாமல் இறங்கவே கூடாது.

எந்த மணத்துக்கு எந்தச் சொல்

இனி ஊருக்குள் வருவோம். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மணல் மூடிய காலத்தில், நீர் வற்றி ஓரத்தில் பாசி அழுகும்போது சேற்றிலிருந்து வருவதும் ஐதரசன் சல்பைட்டுத்தான். கடல்நீரில் சல்பேற்று நிறைய உண்டு. ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றைப் பயன்படுத்தி இந்த வாயுவை விடுகின்றன. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைட்டாவதால்தான் கண்டல் காட்டுச் சேறு மை போலக் கறுப்பாக இருக்கிறது. திறந்த வெளியில் கொஞ்சமாக வரும்வரை இது ஆளைக் கொல்லாது. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்டென்ச்’ சரியான சொல்: பெரிய இடத்தை மூடி நிற்கிற, தாங்கமுடியாத நாற்றம். வடிகாலுக்கும் குப்பைமேட்டுக்கும் ‘ஃபவுல்’ என்ற உரிச்சொல் பொருந்தும். கிடுகு பின்ன ஓலை ஊறப்போட்ட குட்டைக்கும் அதுவே போதும்.

மீனைப் பற்றி எழுதும்போதுதான் கவனம் தேவை. கடல்மீனின் தசையில் மணமேயில்லாத ஒரு சேர்மம் இருக்கிறது. உப்புநீரில் உடலின் நீரைச் சமன்செய்ய அது மீனுக்கு உதவுகிறது. மீன் செத்தபின் பற்றீரியாக்கள் அதை ட்ரைமெதைலமீனாக மாற்றுகின்றன. அதுதான் வெடுக்கு. கரைவலையில் இப்போது இழுத்த மீன் வெடுக்கடிக்காது; வெடுக்கின் அளவு, கரைக்கு வந்து எவ்வளவு நேரம் என்பதைக் காட்டிவிடும். செவுளையும் குடலையும் உடனே எடுத்து, மீனின் எடைக்குச் சமமான ஐஸ் போட்டால் இந்த மாற்றம் வெகுவாகத் தாமதமாகும். அந்த ட்ரைமெதைலமீன் காரத்தன்மை உள்ளது. தேசிக்காய், புளி, கொறுக்காய் ஏதாவதொரு அமிலம் பட்டால் உப்பாக மாறிக் காற்றில் எழாமல் நின்றுவிடும். மீனாணத்தில் புளி ருசிக்கு மட்டும் போடப்படுவதில்லை. கையில் ஏறிய வெடுக்குக்கும் முதலில் தேசிக்காய், பிறகு சவர்க்காரம். வெட்டின பலகையைச் சுடுநீரில் கழுவுவதுதான் பலர் விடும் பிழை. மீன் புரதம் வெந்து பலகையில் ஒட்டிக்கொள்ளும். முதல் கழுவல் பச்சைத்தண்ணீரில். இந்த மணத்துக்குச் சொல் ‘ஃபிஷி’. ஆனால் ‘சந்தேகத்துக்குரிய’ என்ற இன்னொரு பொருளும் அதற்கு உண்டு, வாக்கியம் தெளிவாக இருக்கவேண்டும்.

சுறாவும் திருக்கையும் வேறு கதை. அவற்றின் தசையில் யூரியா நிறைய உண்டு. பழுதாகும்போது அது அமோனியாவாகிறது. அப்போது வருவது கண்ணில் நீர் வரவைக்கும் காரமான நெடி. இதற்குப் ‘பஞ்சன்ட்’ அல்லது ‘அக்ரிட்’ எழுதலாம். முதலாவது குத்துவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டாவதன் வேர் கூர்மை. எரிகிற ரயர், கருகிய மிளகாய், அமோனியா இவற்றுக்கு ‘அக்ரிட்’ நல்லது. ‘பஞ்சன்ட்’ கெட்டதுதான் என்றில்லை. கடுகு, உள்ளி, நல்ல கருவாடு எல்லாம் ‘பஞ்சன்ட்’. அம்மா பொரித்த கருவாட்டைப் பாராட்ட நினைத்து ‘ஸ்டிங்க்’ போடுகிறவர் இந்தச் சொல்லை ஒருமுறை எழுதிப் பழகவேண்டும்.

உன்னிச்சைக் குளத்திலோ சேனாநாயக்க சமுத்திரத்திலோ பிடித்த திலாப்பியாவில் வெடுக்குக் குறைவு, சேற்று மணம் கூடுதல். காரணம் ஜியோஸ்மின். நீலப்பச்சைப் பாசிகளும் மண்ணில் வாழும் சில பற்றீரியாக்களும் உண்டாக்குவது. 1965இல் இடப்பட்ட பெயர். கிரேக்கத்தில் மண், மணம் என்ற இரு சொற்களின் சேர்க்கை. முதல் மழையில் எழும் மண்வாசத்திலும் இதுவே முக்கிய பங்கு. மழையில் விரும்புகிறோம், மீனில் முகம் சுளிக்கிறோம். அமிலத்தில் இதுவும் சிதையும் என்பதால் புளி இங்கேயும் வேலை செய்கிறது. சொல் ‘ஏர்தி’.

கருவாட்டில் இரண்டு கெடுதல் நடக்கும். சூடை, கீரி போன்ற எண்ணெய் கூடிய மீன்களில் கொழுப்பு காற்றோடு சேர்ந்து ஒட்சியேறிக் காறும்: மஞ்சள்பழுப்பு நிறம், தொண்டையில் ஒட்டும் காறல். இது ‘ரான்சிட்’. கச்சான், நெய், பழைய பொரித்த எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதுவே. கொப்பறா ஒழுங்காகக் காயாமல் ஈரம் ஆறு வீதத்துக்கு மேல் நின்றால் தேங்காயெண்ணெயும் காறும், ஆனால் அங்கே காரணம் பெரும்பாலும் நீரும் பூஞ்சணமும். இரண்டாவது கெடுதல், உப்பை விரும்பும் பற்றீரியாக்கள் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் படர்வது. அதைத் துடைத்துவிட்டு விற்றாலும் மணம் போகாது. அது ‘ரான்சிட்’ அல்ல, ‘பியூட்ரிட்’ பக்கம்.

மார்கழி, தை மழையில் உள்ளே காயப்போட்ட உடுப்பின் மணத்துக்கு ‘மஸ்டி’. மூடிக்கிடந்த அலுமாரி, பழைய புத்தகம், ஈரம் ஏறிய சாக்கு அரிசிக்கும் அதுவே. உடுப்பில் அந்த மணத்தை உண்டாக்குவது துணியில் தங்கிவிட்ட பற்றீரியா. வாசனைத் தூள் கூட்டிப் போடுவதால் பயனில்லை. அறுபது பாகை வெப்பத்துக்குக் குறையாத நீரில் துவைத்து, இடைவெளி விட்டுக் காயவைத்து, சூடாக அயர்ன் பண்ணவேண்டும்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் அவிக்கும் ஆலைகளின் மணத்தை எழுதுகிறவருக்கு ‘சவர்’ போதும். பச்சைத்தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறும் நெல் புளித்து, அந்த மணம் சோறு வரை வந்துவிடும். அறுபது எழுபது பாகைச் சூட்டு நீரில் நாலைந்து மணித்தியாலம் ஊறவைத்தால் புளிக்க நேரமே இராது.

நாற்றமே நோய் என்று நம்பிய காலம்

‘மயாஸ்மா’ என்ற சொல்லைப் பத்திரிகைகளில் காணலாம். கிரேக்கத்தில் தீட்டு, மாசு. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று ஐரோப்பியர் நூற்றாண்டுகளாக நம்பினார்கள். ‘மலேரியா’ என்பதும் இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ மட்டுமே. நோயைக் கடத்துவது நுளம்பு என்பதற்கான முக்கிய சான்றை ரொனால்ட் ரொஸ் இந்தியாவில் கண்டது 1897இல்; பெயர் மட்டும் மாறவில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார அமைப்பு 2016இல் சான்றளித்தபோதும் ஆவணத்தில் எழுதியது ‘கெட்ட காற்று’ என்ற அந்தப் பெயரைத்தான்.

1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் ஆறு மலநீரால் நாறி, பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அந்தக் கோடைக்குப் பெயரே ‘கிரேட் ஸ்டிங்க்’. நாற்றத்தைப் போக்கத்தான் பொறியியலாளர் ஜோசப் பேசல்ஜெட்டின் பெரும் கழிவுக் கால்வாய்களுக்குப் பணம் கிடைத்தது. கழிவு குடிநீரிலிருந்து பிரிந்ததால் வாந்திபேதியும் குறைந்தது. பிழையான கொள்கையிலிருந்து சரியான வேலை நடந்த அருமையான சந்தர்ப்பம் அது.

எழுதும்போது விடும் பிழைகள்

‘ஸ்டிங்க்’ ஒழுங்கற்ற வினை. இறந்தகாலம் ‘ஸ்டாங்க்’, மூன்றாம் வடிவம் ‘ஸ்டங்க்’. ‘ஸ்டிங்க்ட்’ என்று ஒன்று இல்லை. ‘ஸ்டென்ச்’ பெயர்ச்சொல் மட்டும். அறை ‘ஸ்டென்ச்’ பண்ணியது என்று எழுதமுடியாது.

‘ஸ்மெல்ஸ் ஒஃப் ஃபிஷ்’ என்றால் உண்மையாகவே மீன் மணம் அங்கே ஏறியிருக்கிறது. ‘ஸ்மெல்ஸ் லைக் ஃபிஷ்’ என்றால் மீன் இருக்கத் தேவையில்லை, அந்தச் சாயல் போதும். ‘ரீக்’, ‘ஸ்டிங்க்’ இரண்டும் பெரும்பாலும் ‘ஒஃப்’ கூட்டித்தான் வரும். ‘ஸ்டிங்கி’ பிள்ளைகளின் பேச்சு. விண்ணப்பக் கடிதத்திலோ பிரதேச சபைக்கு எழுதும் முறைப்பாட்டிலோ அதைப் போடவேண்டாம், ‘ஃபவுல் ஸ்மெல்’ என்று எழுதினால் மரியாதையும் இருக்கும், விசயமும் விளங்கும். மூலம் தெரிந்தால் அதையும் சேர்க்கவேண்டும்: வடிகாலா, மீன்கழிவா, எந்த நேரத்தில் கூடுகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து.

‘ஐ ஸ்மெல் பேட்’ என்றால் ‘என்னில் நாற்றம்’. ‘ஐ ஸ்மெல் பேட்லி’ என்றால் இலக்கணப்படி ‘எனக்கு மோப்பம் சரியில்லை’. கெட்ட மணம் ஒன்று வருகிறது என்று சொல்ல நினைப்பவர் இரண்டையும் விட்டுவிட்டு, ‘ஐ கன் ஸ்மெல் சம்திங் பேட்’ என்று எழுதவேண்டும்.